நின்ற காரணத்தை எழுது

ஜனவரி 9

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வருடம் கழித்து எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கசக்கிப் போட்டாயிற்று. இது நாலாவது. இதை எப்படியும் முடித்துவிடுவேன்.

விஷயம் இதுதான். நம் காரை விற்கப் போகிறேன். வாங்கும்போது பதிவில் நம் இருவர் பெயரையும் சேர்த்தோம் அல்லவா, அதனால் உன் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்கிறார்கள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு, கூட இருக்கும் உறையில் வைத்து அனுப்பினால் போதும். தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

காரணம் சொல்லாமல் கேட்பது முறையில்லை. எனக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். போன மாதம்தான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் திரும்பவும் வேலைக்குச் சேர்ந்தேன். நீ இருந்தபோது இருந்த அதே பாதைதான்: நீரேற்று நிலையம், இரண்டு நீர்த்தேக்கம், பதினாலு தெருக்குழாய். காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கிளம்பி, மாலையில் அவளையும் மாதிரி பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன். சென்ற வியாழக்கிழமை மாலை, மேம்பாலத்தின் நடு ஏற்றத்தில், வண்டி இரண்டு தடவை இருமியது. அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடமும் குழந்தை தூங்கினாள், நான்தான் அழுதேன். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி தானாகக் கிளம்பியது. அதுதான் எனக்கு இன்னும் பயம். நிற்கிற வண்டியைக்கூட நம்பலாம், எப்போது நிற்கும் என்று தெரியாத வண்டியைக் குழந்தையோடு எப்படி நம்புவது?

வாங்கும்போது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்று காலை 4,87,310. போதும் என்கிறார் என் கணவர். ஜூன் முடிவதற்குள் பழையதைக் கொடுத்துப் புதியது எடுத்துக்கொள்ளலாமாம், நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உன் பழைய தோழி


ஜனவரி 17

அடியே பதறி,

இது கடிதமா, வக்கீல் நோட்டீஸா? "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அதுவும் தபால்தலை ஒட்டிய உறை! என்னிடம் ஒரு தபால்தலை வாங்க வக்கில்லை என்று நினைத்துவிட்டாய் போல. அந்த உறையில்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன், வீணாக்க மனசில்லை.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. உன் பெருக்கல் குறியை மட்டும் அழித்திருக்கிறேன்.

நான் இங்கே லிஃப்ட் பரிசோதகர் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நாள் முழுக்க மேலே போகிறேன், கீழே வருகிறேன், ஒரு அடி முன்னால் போவதில்லை. ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: "இது பழசு, தூக்கிப் போடுங்க." நான் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எதுக்கு நின்னுச்சு?" அதற்கு எவருக்கும் பதில் தெரியாது. பாதி நேரம், கதவின் இடுக்கில் ஒரு குழந்தையின் செருப்பு மாட்டியிருக்கும். நிற்க வேண்டிய நேரத்தில் நின்ற லிஃப்டைத்தான் நான் நல்ல லிஃப்ட் என்பேன்.

ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஹாரன் சத்தத்தை எழுதினாய், அழுததை எழுதினாய், எத்தனை நிமிடம் என்று எழுதினாய். வண்டி எதற்கு நின்றது என்று ஒரு வரி இல்லை. மேடம் (நம் வண்டிக்கு அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா, அதையும் எடுத்துவிட்டாயா?) வெறுமனே நிற்கிற ஆள் கிடையாது. நின்ற காரணத்தை எழுது. எழுதினால் மறு தபாலில் கையெழுத்து வரும். சத்தியம்.

குழந்தை யார் ஜாடை என்றும் எழுதவில்லை. அவளுக்கு நான் சித்தி. நான் உன்னைவிட நாலு மாதம் மூத்தவள் என்று கணக்குக் காட்டிப் பெரியம்மா ஆக்கினால் கையெழுத்து ஜென்மத்துக்கும் கிடையாது.

கோபத்துடனும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆசையுடனும்,
வாலு


பிப்ரவரி 4

வாலு,

நீ மாறவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் அதே மத்தியானம் வண்டியை நம் அரைக்கண் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். உன் மூக்கை உடைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

உடைந்தது என் மூக்கு.

அவர் இன்னும் அப்படியேதான். இன்ஜினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தூக்கத்தில் பாட்டுக் கேட்கிற மாதிரி நின்றார். அப்புறம் கேட்டார்:

"பெட்ரோல் ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?"

"போன... அதுக்கு முந்தின..."

"நோட்டு எங்கம்மா? உங்க நோட்டு?"

நோட்டு முன் பெட்டியில் இருந்தது. நினைவிருக்கிறதா, எண்ணெய் மாற்றிய தேதி, டயருக்குக் காற்று, எத்தனை கிலோமீட்டரில் என்ன செய்தோம், எல்லாம் இருக்கும் அந்த நீளநோட்டு? அவர் பிரித்துப் பார்த்தார். கடைசி வரி எழுதிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வெறும் தாள். எனக்கு வாந்தி ஆரம்பித்த மாதத்தோடு வண்டியின் சரித்திரம் நின்றுபோயிருந்தது. ஃபில்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் தட்டினார். சேறு. தினமும் ஊருக்கே தண்ணீர் சுத்தமா என்று பார்க்கிறவள், என் வண்டி என்ன குடிக்கிறது என்று பார்க்கவில்லை.

"இது வழியா மூச்சு விட்டுக்கிட்டு இவ்வளவு நாள் ஏத்தம் ஏறியிருக்குதுன்னா, நான் இந்த இன்ஜினைக் கும்பிடணும்," என்றார்.

ஃபில்டர், இன்ஜின், கியர், பிரேக் என்று மூன்று எண்ணெய், பெல்ட், பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பு, எல்லாம் முடிய ஒன்றரை நாள். கடைசியில் இன்ஜினின் அழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டராக அளந்து காட்டினார். நாலும் நல்லா இருக்குதாம். "இன்னும் ஒரு லட்சம் ஓடும். நீங்க மறுபடி மறக்காம இருந்தா," என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

ஆக, நின்ற காரணம்: நான். எழுதிவிட்டேன். திருப்திதானே?

எனக்குத் திருப்தியில்லை. வீட்டுக்கு வந்து, வேறு எதையெல்லாம் மறந்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு அடுத்த ஊசி எப்போது? அவள் நேற்று எத்தனை தடவை பால் குடித்தாள்? ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. அதே நோட்டில் இடது பக்கம் வண்டிக்கு, வலது பக்கம் குழந்தைக்கு என்று கோடு போட்டுவிட்டேன். இரண்டு நோட்டு வைத்தால் ஒன்றைத் தொலைப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

நடந்ததை எல்லாம் கணவரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு லென்ஸ் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். யோசித்துச் சொன்னார்: "சரி. ஜூன் முப்பது வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு தடவைகூட வழியில நிக்கலைன்னா வச்சுக்கலாம். ஒரே ஒரு தடவை நின்னாலும் வித்துடணும். குழந்தை விஷயம், அப்புறம் பேச்சே கிடையாது." நானும் சரி என்றேன். அதனால் உன் கையெழுத்து எனக்கு இன்னும் வேண்டும். தாளை மறுபடி வைத்திருக்கிறேன். விற்க வேண்டி வந்தால் விற்பேன், ஒளிக்கவில்லை.

குழந்தை அவர் ஜாடை. கோபம் வந்தால் மட்டும் உன் ஜாடை. அது எப்படி என்று எனக்கும் புரியவில்லை.

பதறி

பி.கு. மேடம் இன்னும் மேடம்தான். பெட்ரோல் முள் இன்னும் பாதியிலேயேதான் நிற்கிறது. மெக்கானிக் சரிசெய்கிறேன் என்றார், ஒன்பது வருடப் பழக்கம், விட மனசில்லை. முன்னூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்பி, நோட்டில் டிக் போட்டுக்கொள்கிறேன்.


பிப்ரவரி 13

என் பதறிக்கு,

சொன்ன வாக்கை நான் மீறுவதில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதி போடவில்லை. வண்டி நின்றால் நீயே தேதி போட்டுக் கொடுத்துவிடு, என்னைக் கேட்க வேண்டாம். நிற்காவிட்டாலும் என்னைக் கேட்க வேண்டாம். ஆனால் எழுது. வாரம் ஒன்று என்று கேட்கவில்லை. உனக்குக் குழந்தை இருக்கிறது, எனக்கு முன்னூற்றுப் பதினாறு லிஃப்ட் இருக்கிறது.

ஃபில்டர் விஷயத்தில் உன்னை நீயே குட்டிக்கொண்டது போதும். வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு இன்னொன்றுக்கு எண்ணெய் பார்க்க முடியுமா? வண்டிக்கு என்ன, அது பொறுத்துக்கொண்டது. நம் பழைய மேலதிகாரியைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

உன் கணவரை எனக்குப் பிடித்துவிட்டது. நேரில் பார்த்ததில்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் தெரியவில்லை. பார்க்காததற்கு நானும் ஒரு காரணம், நீயும் ஒரு காரணம். அதை இன்றைக்குக் கிளற வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ ஓட்டுகிற வேகத்துக்கு, மேடம் கோடையிலேயே ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். ஐந்து லட்சம்! நான் வாங்கி வைத்திருக்கும் எந்தச் செருப்பும் ஒரு வருடம் உழைத்ததில்லை.

வாலு


மார்ச் 28

அன்பு வாலு,

மணி பதினொன்றாகப் போகிறது. இருந்தாலும் இன்று நடந்ததை உனக்கு எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

காலையில் குழந்தைக்கு ஊசி. மருத்துவமனையில் புதிதாக ஒரு செவிலி, ரொம்பக் கறார். "பதிவு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த ஊரிலேயே என்னைப் போல் பதிவு வைத்திருக்கும் தாய் உண்டா? நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் பிரித்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்:

"ஞாயிறு காலை, பின்பக்கம் இடது, காற்று குறைவு. ஏற்றியாச்சு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குழந்தையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்:

"செவ்வாய், லேசான உறுமல். அடியில் படுத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. நாலு லிட்டர் எண்ணெய்."

"நாலு லிட்டரா?" என்றாள்.

"ஐயோ, அது இடது பக்கம் சிஸ்டர்! குழந்தை வலது பக்கம்!" என்று நான் கத்த, வரிசையில் இருந்த அத்தனை அம்மாக்களும் என்னைத் திரும்பிப் பார்க்க, நான் விளக்கம் சொல்ல, அந்தக் கறார் செவிலி நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசி போடும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. குழந்தையும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டது. அழவே இல்லை, வாலு. முதல் தடவையாக!

மெக்கானிக் மட்டும் சளைத்தவரா? போன வாரம் பிரேக் பார்க்கப் போனபோது வலது பக்கத்தை முழுக்கப் படித்திருக்கிறார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், "பாப்பாவுக்கு வயிறு சரியாயிடுச்சாம்மா? புதன்கிழமை ஆறு தடவை போயிருக்குதே," என்று கேட்டார், முகத்தில் உண்மையான கவலையோடு.

இன்னொரு செய்தி. வண்டியின் மைலேஜ் கூடிவிட்டது. நாம் ஓட்டிய காலத்தில் லிட்டருக்குப் பதின்மூன்றைத் தாண்டியதில்லை (நீதான் காரணம், உனக்கு ஆக்ஸிலரேட்டர் என்றால் மிதியடி). இப்போது பதினேழு. இரகசியம் என்ன தெரியுமா? குழந்தை. அவள் தூங்குவதே வண்டியில்தான். சட்டென்று பிரேக் போட்டால் எழுந்துவிடுவாள். அதனால் முன்னால் எங்கே நிற்கப் போகிறேன் என்று தூரத்திலேயே பார்த்து, காலை எடுத்துவிட்டு, தானாக மெதுவாக விடுகிறேன். சிக்னலில் கிளம்பும்போது பால் புட்டியைத் தூக்குகிற மாதிரி கிளப்புகிறேன். டயரும் தேயவில்லை, பிரேக்கும் தேயவில்லை.

கணவர் விஷயம் கேள். ஞாயிற்றுக்கிழமை அவரை இரண்டு மணி நேரம் காணோம். போய்ப் பார்த்தால், கடையில் லென்ஸ் மெருகேற்றும் பசையையும் மெல்லிய துணியையும் கொண்டுவந்து மேடத்தின் முன்விளக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பழசாகி மஞ்சள் பூத்துப் போயிருந்ததே, அதைத்தான். "இதுக்குக் கண்புரை மாதிரி ஆயிடுச்சு, அதான்," என்றார், களவில் மாட்டிக்கொண்ட மாதிரி. இப்போது விளக்கு பளிச்சென்று இருக்கிறது. நோட்டிலும் அவரே எழுத ஆரம்பித்திருக்கிறார். காலைப் பால் அவர் பொறுப்பு, அதற்கு ஒரு டிக்.

இன்றைக்கு 4,92,655. மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் இன்னும் என் கை வியர்க்கிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் வியர்க்கிறது. எப்போது போகும் இந்தப் பயம்?

உன் சித்திப் பட்டத்தை அங்கீகரித்துவிட்டேன்.

பதறி


மே 2

என் அன்புப் பதறி,

இதை ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானே நிறுத்தி வைத்த லிஃப்ட், பயப்படாதே. மேலே ஒருவர் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் குரல் கொடுக்கும்வரை எனக்கு இங்கே வேலை இல்லை. உன் மார்ச் கடிதத்தை இரண்டாம் முறை படித்து முடித்தேன். சிரித்த சிரிப்பில் மேலே இருந்தவர், "என்னம்மா, ஆடுது!" என்று கத்திவிட்டார்.

சிரித்து முடித்ததும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இங்கிருந்து ஓட முடியாது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் நான் வேலைக்குக் கிளம்பினேன். சேர வேண்டிய தேதி அப்படி. நீ, "போறதுன்னா போ. திரும்பிப் பாக்காம போ," என்றாய். நானும் திரும்பிப் பார்க்காமல் போனேன். விடுப்புக் கிடைக்காததால்தான் கல்யாணத்துக்கு வரவில்லை என்றுதான் இன்றுவரை நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார்கள். பயணச்சீட்டு வாங்கினேன். புதுப்புடவையோடு ரயில் நிலையத்துக்கும் போனேன். ரயில் வந்து நின்றது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடாதவள் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று ஒரு வீம்பு. அது போய்விட்டது. அடுத்தது வந்தது, அதுவும் போய்விட்டது. அன்றைக்கு ஐந்து ரயில் பார்த்தேன்.

நிற்கிற லிஃப்ட்டுக்கெல்லாம் காரணம் எழுதச் சொல்கிறவள், நான் வராததற்குக் காரணத்தை உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். காரணம்: நான்.

உனக்கு வாங்கிய கல்யாணப் பரிசைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். டயர்க் காற்று பார்க்கும் மானி. சிவப்பு ரிப்பன் கட்டியபடியே மூன்று வருடமாக அலமாரியில் இருந்தது.

மேலே குரல் கொடுக்கிறார். போகிறேன்.

வாலு


ஜூன் 5

பதறி,

ஒரு மாதம் ஆயிற்று. பதில் இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மூடிவிட்டு வருகிறேன்.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் உன் சிரிப்புக் கடிதங்கள் வந்துகொண்டிருந்திருக்கும். கோபப்படு, தப்பில்லை. திட்டி எழுது, அதுவும் தப்பில்லை. வண்டி ஓடுகிறதா என்று மட்டுமாவது ஒரு வரி எழுது. நின்றுவிட்டது என்றாலும் எழுது.

வாலு


ஜூன் 24

என் வாலுவுக்கு,

நின்றுவிட்டது. பொறு, பதறாதே. அது என் வேலை. முதலில் மற்றதைச் சொல்கிறேன்.

உன் மே மாதக் கடிதத்துக்கு நாலு பதில் எழுதினேன். நாலையும் கிழித்தேன். முதல் இரண்டில் திட்டியிருந்தேன். கல்யாணத்தன்று எத்தனை தடவை வாசலைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியுமா? மாப்பிள்ளையே கேட்டுவிட்டார், "யாரைத் தேடறே? நான் இங்கதான் இருக்கேன்," என்று. நீ பெஞ்சில் உட்கார்ந்து ரயிலை எண்ணிக்கொண்டிருந்தாய் என்று படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் அந்த மானியாலேயே ஒன்று போட்டிருப்பேன். மூன்றாவதில் அழுதேன். நாலாவதில் என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. திரும்பிப் பார்க்காமல் போ என்று சொன்னது நான்தான். அதை அப்படியே செய்தவளை எந்த வாயால் திட்டுவது என்று தெரியாமல்தான் ஒன்றரை மாதம் போயிற்று.

இப்போது வண்டி.

முந்தாநாள், ஞாயிற்றுக்கிழமை. கெடு முடிய எட்டு நாள்தான் பாக்கி. மூன்று பேரும் நீர்த்தேக்கம் வரை சும்மா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கரைச் சாலையில், ஆளே இல்லாத இடத்தில், மேடம் இரண்டு தடவை இருமியது. நின்றது.

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஐந்தரை மாதம், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "சரி விடு," என்றார் அவர், ரொம்ப மெதுவாக. இறங்கிப் போய் முன்விளக்கைத் தடவினார். விளக்கைத் தேய்த்த மனிதர் அல்லவா.

நான் முன் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், உன்னால்தான். நின்றால் காரணம் எழுத வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது. பெட்ரோல் நிரப்பி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று பார்த்தேன். கடைசி டிக் சனிக்கிழமை போட்டிருந்தது. பக்கத்தில் கிலோமீட்டர் எண் இல்லை. அவர் கடைக்குக் கொண்டுபோனபோது நிரப்பியிருப்பார், எண் எழுத மறந்திருப்பார் என்று நினைத்துத்தான் நான் கிளம்பினேன்.

"நேத்து பெட்ரோல் போட்டீங்களா?"

"நானா? இல்லையே."

"அப்ப இந்த டிக் யாரோடது?"

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்த டிக்கைப் பார்த்தாலே தெரியும், வால் நீட்டி, கடையில் பில்லில் போடுகிற அதே டிக். "இது... காலைல ஏழு மணிப் பால்," என்றார். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் டிக்கை இடது பக்கத்தில் போட்டிருக்கிறார். பெட்ரோல் கட்டத்தில். வலது பக்கத்தில் சனிக்கிழமைப் பால் கட்டம் காலியாக இருந்தது. அதற்காக அன்றைக்கு நான் குழந்தைக்கு இன்னொரு புட்டி கொடுத்திருக்கிறேன்! இரண்டு புட்டி குடித்தவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், பார்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. குழந்தை என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்த வழியாக பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "என்ன ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டார். "வண்டிக்குப் பால் குடுத்துட்டேங்க," என்றார் என் கணவர். அந்த மனிதர் நல்லவர், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அவரைப் பெட்ரோல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

முக்கால் மணி நேரம். ஆளில்லாத சாலையில், நானும் குழந்தையும் நின்றுபோன வண்டியும். வாலு, எனக்குக் கை வியர்க்கவில்லை. அதை நான் கவனித்ததே அவர் திரும்பி வந்த பிறகுதான். குழந்தையைப் பானெட்டின் மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் இரண்டு கையாலும் மேடத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் பன்னிரண்டு நிமிடத்துக்கு அழுதவள் நான்தானா? அன்றைக்கு ஏன் நின்றது என்று தெரியாது. இன்றைக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்ததும் நானே பேச்சை எடுத்தேன். "ஒரு தடவை நின்னாலும் விக்கணும்னு சொன்னீங்க. நின்னுடுச்சு. பேச்சு மாறக் கூடாது." உன் கையெழுத்துள்ள தாளையும் மேஜை மேல் வைத்தேன். அவர் அதை மடித்து என்னிடமே நீட்டினார். "வண்டி எங்க நின்னுச்சு? நான்தானே நிறுத்தினேன்," என்றார். "அப்படி நிறுத்தினவனை விக்கணும்னா, என்னைத்தான் விக்கணும். மாத்திக்க யாரும் வரமாட்டாங்க, வயசாயிடுச்சு." மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய்ப் புது வண்டிக்குச் செய்திருந்த முன்பதிவை ரத்து செய்துவிட்டு வந்தார்.

இப்போது பெட்ரோல் முள்ளைச் சரிசெய்தாயிற்று. குழந்தைக்குத் தனி நோட்டும் வாங்கியாயிற்று. மெக்கானிக்குக்குத்தான் வருத்தம், இனிமேல் பாப்பா சேதி தெரியாதே என்று.

தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீ போட்ட கையெழுத்தை நீயே கிழி.

இனி முக்கியமான விஷயம். மேடம் இன்று 4,99,388. உன் வீட்டு வாசல் இங்கிருந்து ஐந்நூற்று அறுபத்தாறு கிலோமீட்டர், வரைபடத்தில் நூல் வைத்து அளந்து, அவரையும் ஒருமுறை அளக்கச் சொன்னேன். ஜூலை ஐந்தாம் தேதி, சனிக்கிழமை காலையில் கிளம்புகிறோம். அதுவரைக்கும் வண்டியை ஒரு அடிகூட எடுக்கப் போவதில்லை. நாளையிலிருந்து பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன், கூடத்தில் எல்லாரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். கணக்குச் சரியாக இருந்தால் உன் வாசலுக்கு வரும்போது 4,99,954 இருக்கும். ஐந்து லட்சத்துக்கு மிச்சம் நாற்பத்தாறு கிலோமீட்டர். அது உன்னுடையது. எங்கே போகலாம் என்று யோசித்து வை. யார் ஓட்டுவது என்று நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

கணவர் பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து வருகிறார். அவருக்குக் கால் நீட்ட முடியாது, முழங்கால் தாடையில் இடிக்கும். "முன்னாடி காலியாத்தானே இருக்கு, அங்க உக்காந்துக்கறேனே," என்று கேட்டுப் பார்த்தார்.

"காலி இல்லை," என்று சொல்லிவிட்டேன்.

பதறி